பிடிநீரும் வெறும் தண்ணீரும்

தாய்மாமன் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கி, முன்னும் பின்னும் ஆட்டி, அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல்குளத்து நடுவில் வீசினார். சுற்றி நின்ற சொந்தபந்தம் கை தட்டியது. உள்ளே போன வேகத்திலேயே குழந்தை மேலே வந்தது. அதைச் சுற்றியிருந்த தண்ணீர் மட்டும் கட்டித் தயிராக இறுகி, ஒரு மெத்தை அளவுக்குத் திரண்டு அதைத் தாங்கி நின்றது. குழந்தை அழக்கூட இல்லை.

"இன்னுங் கொஞ்சம் தூரமா வீசியிருக்கலாம் மாப்ளே. போன வாரம் பி பிளாக்குல மாடியில இருந்தே வீசுனாங்க" என்றார் ஒரு பெரியவர்.

காது குத்துவதற்கு முன்னால் மாமன் எறிவு. கோயம்புத்தூர்ப் பக்கம் இப்போது அதுதான் வழக்கம். யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சீர்த்தட்டுகள் மட்டும் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகின்றன.

குளத்தோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அர்த்தநாரிக்கு முதல் ஜிலேபி வந்தது. வராமல் இருக்குமா? அந்தத் தண்ணீரைக் கண்டுபிடித்தவரே அவர்தான். ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு, தின்ன மனமில்லாமல் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்பூரில் குழந்தைகளுக்கான உறிஞ்சுகச்சை, அதாவது டயப்பர், செய்கிற ஆலையில் பொறியாளராக இருந்தவர் அவர். கச்சைக்குள் இருக்கும் பொடி தன்னைப்போல் பல மடங்கு தண்ணீரைக் குடித்து ஊதிப்போகும். அந்தப் பொடியைக் கண்ணுக்குத் தெரியாத மணிகளாக்கி, மின்துடிப்பு வந்தால் ஊது, இன்னொரு துடிப்பு வந்தால் சுருங்கு என்று பழக்கினார். அது முதல் காப்புரிமை. மூழ்குகிறவரை ஒலியாலேயே கண்டுபிடிக்கும் செவிப்பட்டை இரண்டாவது. மணிகளைக் குளம் முழுக்கச் சீராகச் சுற்றிவிடும் சுழல்குழாய் மூன்றாவது. மூன்றும் சேர்ந்தால் பிடிநீர். சின்னக் குழந்தைகளை அது கேட்காமலே பிடித்துக்கொள்ளும். வளர்ந்தவர்கள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினால் போதும், அரை நொடியில் பிடித்துக்கொள்ளும். மணி கலக்காத நீச்சல்குளமே நாட்டில் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்காக டெல்லி வரை போய்ப் பேசிவிட்டு வந்தவரும் அர்த்தநாரிதான்.

அதன்பிறகு நீச்சல்குளங்களில் யாரும் சாகவில்லை. இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் அவர் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறார்கள்.

ஆனால் போன மாதம் மதுக்கரைப் பக்கம் ஒரு கல்குவாரிக் குட்டையில் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் செத்துப்போனார்கள். மூன்று பேருமே சின்ன வயதிலிருந்து பிடிநீர்க் குளத்தில் கிடந்தவர்கள். கரையில் நின்ற நண்பன் கைபேசியில் எடுத்த காணொளிப் படத்தை அர்த்தநாரி பார்த்தார். களைத்ததும் மூவரும் இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருக்கிறார்கள். வெறும் தண்ணீரில் கையைத் தூக்கினால் உடம்பு கல்லாக உள்ளே போகும். உள்ளே போகப் போக இன்னும் உயர்த்தியிருக்கிறார்கள். தண்ணீர் வந்து பிடிக்கும் என்று காத்திருந்தே செத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

இது போதாதென்று அவருடைய ஒரே மகள் இளவேனிக்கு மலையடிவார அணையில் வேலை கிடைத்திருந்தது. அணைநீரின் மேல் ஏக்கர் கணக்கில் மிதக்கும் சூரியத்தகடுகளைப் பராமரிக்கும் வேலை. வருகிற வியாழக்கிழமை சேர வேண்டும். தினமும் படகில் போய்த் தகடு விட்டுத் தகடு தாவ வேண்டும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கால் வழுக்கத்தான் செய்யும்.

"அம்மிணி, உனக்கு நீச்சல் தெரியாது" என்று அவர் சொன்னபோது இளவேனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, அலமாரியில பதக்கம் வைக்க இடமில்லை. எனக்கா நீச்சல் தெரியாது?"

"அது பிடிநீர்ல வாங்குனது. மணி கெடக்கற தண்ணி உடம்பைத் தானா மேல தூக்கும். முடியலைன்னா கையைத் தூக்கி இளைப்பாறிக்குவே. அணையில என்ன பண்ணுவே?"

"மிதவைச்சட்டை குடுப்பாங்கப்பா. சும்மா பயந்துக்காதீங்க."

"வேகாத வெயில்ல நாள் பூரா அதை எவன் போடுவான்? நீ போடுவியா? மழைக்கோட்டே போட மாட்டே."

இளவேனி சிரித்து மழுப்பினாள். அம்மா இல்லாமல் அவர் கையில் வளர்ந்த பெண். அவர் பயந்தால் விட்டுக்கொடுத்துப் போகவும் தெரியும், தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளவும் தெரியும்.

அர்த்தநாரி குடியிருப்போர் சங்கத்தில் போய் நின்றார். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் மணிகளை வடிகட்டிக் குளத்தை வெறும் தண்ணீராக வைக்க வேண்டும், விருப்பப்பட்டவர்கள் வந்து பழகட்டும். அவ்வளவுதான் கேட்டார்.

தலைவர் சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க, நீங்களா இப்படிப் பேசறது? கொலை பண்றதுக்கு நேரம் ஒதுக்கச் சொல்றீங்களா?"

"பழகறதுக்குங்க."

"எதுக்குப் பழகோணும்? கார் வந்தப்புறம் எவனாச்சும் மாட்டு வண்டி ஓட்டப் பழகறானா?"

"குவாரியில மூணு பசங்க செத்தாங்களே சென்னியப்பன், அவங்க கார்லயா போனாங்க?"

"குவாரிக்குப் போனது அவங்க தப்புங்க."

ஓட்டெடுப்பு நடந்தது. வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்று தலைவர் சொன்னார். ஆளாளுக்கு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்கள். கூடம் முழுக்கக் கைகள். ஒரு கை போதும் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. அர்த்தநாரிக்கு அந்தக் குவாரிப் படம் கண்ணுக்குள் வந்து நின்றது. எழுந்து வந்துவிட்டார்.

நல்லபடியாகக் கேட்டால் நடக்காது என்று தெரிந்துபோயிற்று. ஆனால் கண்டுபிடித்தவனுக்கு அதைக் கெடுக்கவும் தெரியுமல்லவா? உறிஞ்சுமணிக்கு உப்புதான் எமன். கச்சையில்கூடப் பச்சைத் தண்ணீரைக் குடிக்கிற அளவுக்கு அது மூத்திரத்தைக் குடிக்காது, அதிலிருக்கும் உப்புதான் காரணம். புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஒரு குட்டி யானை வண்டி நிறையக் கல்லுப்பு வந்து இறங்கியது. வாசலில் 'பராமரிப்புப் பணி' என்று பலகை மாட்டிவிட்டு, மூட்டை மூட்டையாகத் தானே அவிழ்த்துக் கொட்டினார். இந்த வயதில் இடுப்பு விட்டுப்போயிற்று. உப்பு கரையக் கரைய மணிகள் செத்து, மாவு மாதிரி அடியில் படிந்தன. செவிப்பட்டையின் பச்சை விளக்கை அணைத்தார். வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டுச் செய்ததை அவரே சாகடித்தார். அதில் ஒரு நிம்மதியும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இளவேனி வந்து குளத்தைப் பார்த்தாள், காலி மூட்டைகளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? சென்னியப்பன் மாமா போலீஸைக் கூப்பிடுவாரு."

"கூப்பிடட்டும். இது வெறும் தண்ணி கண்ணு. பிடிக்காது. எது நடந்தாலும் கையை மட்டும் தூக்கிராதே. களைச்சா மல்லாந்து படுத்துக்க, கையைத் தண்ணிக்குள்ளயே வெச்சுத் துழாவு. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது தெரிஞ்சுது. நான் என்ன பாப்பாவா?" என்று பாய்ந்தாள்.

முதல் சுற்று நன்றாகவே போனாள். வழக்கத்தைவிட உடம்பு கனத்தது போலும், மூச்சு சீக்கிரம் வாங்கியது. இரண்டாவது சுற்றில் நடுக்குளத்தில் நின்றாள். அர்த்தநாரி கரையிலிருந்து, "மல்லாந்து படு! கையைத் தூக்காதே!" என்று கத்தினார். அவளுக்குக் காது கேட்டது, புத்திக்கும் எட்டியது. ஆனால் கைகள் யாரைக் கேட்டன? நடக்கத் தெரியுமுன்னே பழகிய கைகள். இரண்டும் தாமாகவே மேலே போயின. அடுத்த நொடி அவளைக் காணோம்.

அவர் கட்டிய வேட்டியோடு குதித்தார். கண்ணைத் திறந்தால் உப்பு எரிந்தது. தரையில் காலை ஊன்றாமல், உதறாமல், இரண்டு கைகளையும் உயர்த்தியபடி அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். கண்கள் திறந்திருந்தன. காத்துக்கொண்டிருந்தாள். அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு மேலே வந்து, கரையில் கிடத்தி முதுகைத் தட்டினார். தண்ணீரைக் கக்கினாள், இருமினாள், அப்புறம் குழந்தை மாதிரி அழுதாள். அவரும் அழுதார். கடவுளே, என் பெண்ணை நானே கொன்றிருப்பேனே என்று வாய்விட்டுப் புலம்பினார்.

"தண்ணி பிடிக்கவே இல்லப்பா" என்றாள் இளவேனி. நடுக்கத்தில் பற்கள் அடித்துக்கொண்டன.

"பிடிக்காது கண்ணு. அதைத்தான் சொன்னேன். இப்பத் தெரிஞ்சுட்டியல்லோ? போதும். கொஞ்சம் ஆசுவாசப்படுத்திட்டு இன்னொரு தடவை இறங்கு. நான் பக்கத்துலயே இருக்கேன். வேலைக்குச் சேர இன்னும் ஒரு வாரம் தவணை கேளு. ஒரு வாரத்துல கை பழகீரும்."

"மாட்டேன்."

"அம்மிணி..."

"இனி அந்தத் தண்ணியில காலே வைக்க மாட்டேன்."

"அப்ப வேலை வேண்டாம்னு சொல்லிரு. வீட்டுல இரு. நான் சோறு போடறேன்."

"வேலைக்கும் போவேன். நாளைக்கே போவேன். ஊரெல்லாம் சொல்லியாச்சு. எத்தனை பேரைத் தாண்டி வாங்குன வேலைப்பா அது!"

சத்தம் கேட்டு வந்த சென்னியப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார். மூட்டைகளையும் நனைந்து கிடந்த இருவரையும் பார்த்தார். திட்டத்தான் வந்தார், ஆனால் இளவேனியின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "பெத்த பிள்ளையை வெறும் தண்ணியிலயா எறக்குனீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார்.

அவர் போனபிறகு இளவேனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நடுக்கம் அடங்கியிருந்தது. கோபம் வந்திருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். குவாரியில செத்தாங்களே மூணு பேரு, அந்தக் குட்டையில உங்க மணி இருந்திருந்தா உசுரோட இருந்திருப்பாங்கல்ல?"

அர்த்தநாரி யோசித்தார். பொய் சொல்ல வழியில்லை. "இருந்திருப்பாங்க."

"அப்ப ஏம்ப்பா போடாம விட்டீங்க? குளத்தோட ஏன் நிறுத்தினீங்க? குட்டை, ஏரி, அணை, எல்லாத்துலயும் போட்டிருந்தா இப்ப நான் இப்படிக் கெடப்பேனா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. ஏன் கண்டுபிடித்தாய் என்று கேட்பாள், அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறாள்.

"அணைத்தண்ணி குடிக்கிற தண்ணி கண்ணு. ரெண்டு ஜில்லாவுக்குப் போகுது. வயலுக்குப் போகுது. மீனு துள்ளுனாலும் மணி பிடிக்கும். மதகுல போய் இறுகிக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"வடிகட்டிக்குவாங்க. மீனுக்கு ஒரு வழி, மதகுக்கு ஒரு வழி நீங்க கண்டுபிடிப்பீங்க. உங்களால முடியாதா?"

"நீ கையை இறக்கப் பழகுனா இது எதுவுமே வேண்டாமே அம்மிணி. ஒரு வாரந்தானே கேக்கறேன்."

"நான் எதுக்குப்பா மாறணும்?" என்றாள் இளவேனி. "தண்ணியை மாத்துங்க."

அவள் முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். பிறந்ததிலிருந்து அவளுக்காகத் தண்ணீர்தான் மாறிவந்திருக்கிறது. மாற்றிக் கொடுத்தவர் அப்பா. அவரால் அவளைக் கோபிக்க முடியவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் யாராவது அவரிடம் வந்து, நாளைக்கு உன் பெண் தண்ணீரில் இப்படிக் காத்துக்கொண்டே மூழ்குவாள் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். யார் சொன்னார்கள்? எல்லோரும் மாலை போட்டார்கள்.

அவள் எழுந்து துண்டைப் பிழிந்தாள். நாளைக் காலை முதல் பேருந்துக்குப் போக வேண்டும், பெட்டி கட்ட வேண்டும் என்றாள். படியேறுவதற்குமுன் ஈரக்கையால் அவர் கன்னத்தைத் தொட்டு, "பயப்படாதீங்கப்பா. எனக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்றாள்.

அர்த்தநாரி அவள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளைக்குப் போய்விடுவாள். மிதவைச்சட்டையை முதல் வாரம் போடுவாள், இரண்டாவது வாரம் கழற்றி வைப்பாள். அணையில் ஒருநாள் கால் வழுக்கும், கைகள் மேலே போகும். அவர் செய்யப்போவது மகா தப்பு என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் வாயைத் திறந்தார்.

"கண்ணு" என்று கூப்பிட்டார். அவள் படியில் நின்று திரும்பினாள். "அந்த அணை எவ்வளவு ஆழம்?"