இதோ வந்துட்டேன்

தப்பு கண்ணாயிரத்துடையதுதான். தன் பெயரைத் தானே கூவிக் கூப்பிடச் சொல்லி யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை.

பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாங்கள் யார் என்று சொல்லிவைக்கும் ஆசையில், வம்சாவளி எழுதுகிறேன் பேர்வழி என்று வேங்கிக்காலுக்கு வந்திருந்தான். அப்பாவின் தங்கை ஆராயி அங்கே ஏரியோரம் புது வீடு கட்டித் தனியாக இருந்தாள். தலைமுறை விட்டுத் தலைமுறை கண்ணாயிரம் என்றே பெயர் வைத்துத் தொலைத்திருந்தார்கள். யார் எந்தக் கண்ணாயிரம் என்று பிரிப்பதற்குள் அவனுக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. மீதி ஏற்கெனவே கொட்டியிருந்தது.

கேட்டதற்கெல்லாம் அத்தை மழுப்பினாள். அலுத்துப்போனவன் பின்பக்கம் திரும்பி, வேடிக்கையாகக் குரல் கொடுத்தான்.

"கண்ணாயிரம்! எத்தினி பேரு இருக்கீங்களோ, அத்தினி பேரும் வாங்கப்பா."

"இதோ வந்துட்டேன்."

பொடியன் குரல். கொல்லையில் தரைக்கடியில் இருந்த தண்ணீர்த்தொட்டிக்குள்ளிருந்து வந்தது. அத்தை டீ டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"யாரு அத்தை அது?"

"பக்கத்து வூட்டுப் புள்ளைங்களா இருக்கும். டீ ஆறுது, குடிங்க."

பக்கத்தில் காலி மனைதான். அப்போதுதான் அந்தக் 'குடிங்க' உறைத்தது. கட்டின பெண்டாட்டியே அவனை வாடா போடா என்பாள். தெருநாய்கூட அவனுக்கு எழுந்து வழிவிட்டதில்லை. அத்தை மட்டும் அவனைக் கண்டால் எழுந்து நிற்பாள், அவன் சாப்பிடாமல் சாப்பிட மாட்டாள், ஒருநாளும் அவன் பெயரைச் சொன்னதில்லை. பாசம் ஜாஸ்தி என்று இத்தனை காலம் பெருமையடித்துத் திரிந்திருக்கிறான்.

மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. ஜன்னலில் தெரிந்த மலை முழுசாக மழைக்குள் மறைய, ஏரிப்பாசியின் வாடை கூடத்துக்குள் மெல்லப் புகுந்து நாற்காலிவரை வந்து நிற்க, கொல்லையில் இரும்பு மூடி சிமென்ட்டில் உரசி உரசி நகரும் சத்தத்தை அவன் இடியென்று நம்பப் பார்த்தான்.

"மறைக்காம சொல்லு, அத்தை."

அத்தை தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"எங்கப்பா கருமாதிக்குக் கல்லு நட்டு, அதுல வந்து எறங்கச் சொல்லி அவரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பேரனுக்கும் அதே பேரு. ஒண்ணாங்கிளாஸ் படிச்சுங்கிருந்தான். அவனத்தான் கூப்பிடறாங்கன்னு 'இதோ வந்துட்டேன்'னு ஓடியாந்துட்டான். எல்லாரும் சிரிச்சோம். கல்ல இந்த ஏரியிலதான் வுட்டுட்டு வந்தோம்."

"அந்தப் பையன் நான்தானே?" சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை.

"அன்னிக்குச் சாயங்காலம் அந்தப் புள்ள வந்து எங்கப்பா கட்டில்ல உக்காந்துச்சு. 'ஆராயி, வெத்தல இடிச்சாந்தியாம்மா'ன்னு கேட்டுச்சு."

மூடி கவிழ்ந்து விழுந்தது.

ஈரக் காலடி. சின்னக் கால். நிதானமாக.

கூடத்துக்குள்.

"அப்போ நான் யாரு, அத்தை?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

நாற்காலியோரம் தொங்கிய அவன் சுண்டுவிரலை ஒரு குட்டிக் கை பற்றியது. கல்லாய்ச் சில்லிட்டிருந்தது. பாசி வழுக்கியது.

"தாத்தா."