தனி அடுப்பு வைத்தவள்

"அந்தக் காபிய எடுத்துட்டுப் போடி! தனி அடுப்புல போட்ட காபி எனக்குத் தேவையில்ல..."

மாமியார் சௌந்தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டம்ளரோடு நின்ற மூத்த மருமகள் லோகநாயகிக்கு இது புதிதல்ல. இரண்டு வருஷமாக விடிந்தால் இதே பாட்டுதான். ஆனாலும் கண் கலங்கியது.

"அத்த... இன்னிக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஸ்ரீமதி வீடு ஒதுக்குற முகாமுக்கு வந்தாவணும். நான் சிதம்பரம் போயி கூட்டியாறேன்."

"நீயா? குடும்பத்தப் பிரிச்சவ மூஞ்சியப் பாத்தா அவ வருவாளா? உன்னாலதான பிரசவத்துக்குப் போனவ அங்கியே உக்காந்துட்டா!"

லோகநாயகி பையை எடுத்துக்கொண்டாள்.

கடலூரில் கெடிலம் ஆற்றங்கரையில் ஒரே குடிசை அவர்களுக்கு. மாமியார், இளைய மகன் இளவரசு, அவன் மனைவி ஸ்ரீமதி, கணவனை இழந்த லோகநாயகி, அவள் மகள் இலக்கியா. மழைக்காலம் வந்தால் தண்ணீர் கட்டில்வரை ஏறும். ஆற்றங்கரையைக் காலி செய்கிறவர்களுக்கு குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் வீடு என்று அறிவித்தார்கள். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு வீடு. தனிக் கார்டு வேண்டுமென்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும்.

விசாரணை நாளுக்கு மட்டும் ஓர் அடுப்பை வைத்து மறுநாள் எடுத்துவிட்டவர்கள் அந்தக் கரையில் பலர். லோகநாயகிக்குப் பொய்யாக எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை. குடிசையை ஒட்டிய சாய்ப்பில் நிஜமாகவே தனி அடுப்பு மூட்டினாள். கார்டு இரண்டானதும் மாமியார் பெயரைத் தன் கார்டிலிருந்து எடுத்து ஸ்ரீமதி கார்டில் சேர்த்தாள்.

ரெண்டு வீடு கிடைக்கும் என்று எடுத்துச் சொன்னாள். யார் கேட்டார்கள்? "என் பேரையே வெட்டிட்டாளே பாவி!" என்று சௌந்தரம் ஊரைக் கூட்டினாள். பெயரை ஏன் மாற்றினாள் என்பதை மட்டும் லோகநாயகி யாரிடமும் சொல்லவில்லை. கைக்கு வராத ஒன்றைக் காட்டி ஒரு கிழவிக்கு எப்படி ஆசை காட்டுவது?

சிதம்பரத்தில் தாய் வீட்டு வாசலிலேயே ஸ்ரீமதி மறித்துக்கொண்டாள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை.

"என்னாத்துக்குக்கா வந்தீங்க? நான் வாயும் வயிறுமா இருந்தப்ப ஒரு பிடி சோறு போட்டிருப்பீங்களா? தனியா பொங்கி, தனியாத்தான தின்னீங்க!"

"திட்டும்மா... பஸ்ஸுல வரும்போதும் திட்டிக்கினே வா. ஆனா வந்துரு! வீடு உன் பேருல வந்திருக்குது. நீ நேர்ல வந்து கைரேக வெச்சாத்தான் உண்டு. இல்லன்னா அடுத்த பேருக்குப் போயிரும். இந்தப் புள்ளையும் தண்ணியில படுக்கணுமா?"

ஸ்ரீமதி குழந்தையைப் பார்த்தாள். செருப்பை மாட்டினாள்.

முகாமுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி நாலே முக்கால். இளவரசுவும் சௌந்தரமும் தவிப்போடு நின்றார்கள். ஸ்ரீமதி விரலை வைத்ததும் பெண் அதிகாரி சீட்டை நீட்டினார்.

"தரைத்தளம், ஏழாம் நம்பர்."

"கீழ் வீடா? எல்லாரும் அதத்தான கேட்டாங்க. எங்களுக்கு எப்பிடி மேடம்?" இளவரசு திகைத்தான்.

"உங்க கார்டுல வயசானவங்க இருக்காங்க, அதனால. இந்த லோகநாயகியம்மா மனுவே குடுத்திருக்காங்களே... அத்தைக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, மகனோட, பேரப்புள்ளையோட கீழ இருக்கட்டும், எனக்கு மாடி போதும்னு. அவங்க கார்டுலயே வெச்சிருந்தா கீழ் வீடு அவங்களுக்குத்தான் வந்திருக்கும். இப்ப அவங்களுக்கு மூணாவது மாடி. தனிச் சமையல்னு பொய் சொன்ன ஆறு கார்டத் தள்ளிட்டோம். இவங்க வீட்டுக்கு ரெண்டு தடவ சொல்லாம வந்து பாத்தேன். ரெண்டு தடவையும் தனியாத்தான் அடுப்பு எரிஞ்சுது!"

சௌந்தரம் எட்டி வந்தாள். லோகநாயகியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி... வாயத் தொறந்து சொல்லக் கூடாதாடி? என்னென்ன பேச்சுப் பேசினேன் உன்ன!"

"கெடைக்காமப் போயிருந்தா நீங்க தாங்க மாட்டீங்க அத்த..."

"அக்கா!" என்று ஸ்ரீமதி கதறியபடி இருவரையும் சேர்த்து அணைத்தாள். நடுவில் நசுங்கிய குழந்தை வீறிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்ட சௌந்தரத்துக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. அதிகாரியிடம் குனிந்தாள்.

"ஏம்மா... இனிமே நாங்க ஒண்ணா ஆக்கித் தின்னா வீட்டப் புடுங்கிடுவீங்களா?"

அதிகாரி சிரித்துவிட்டார். "ரெண்டு வீட்டுலயும் நீங்களே குடியிருக்கணும், யாருக்கும் உள்வாடகைக்கு விடக் கூடாது. அவ்ளோதான். சோறு எங்க வேணும்னாலும் தின்னுங்க!"

வெள்ளிக்கிழமை காலை, ஏழாம் நம்பர் வீட்டில் பால் காய்ச்ச எல்லாரும் கூடினார்கள். தாலியில்லாதவள் முன்னால் வரக் கூடாது என்று லோகநாயகி கதவோரமாகவே நின்றாள். தீப்பெட்டியை ஸ்ரீமதியிடம் நீட்டினாள் பக்கத்து வீட்டுக்காரி. சௌந்தரம் வெடுக்கென்று அதைப் பிடுங்கினாள்.

"லோகு! இங்க வாடி. உன் அடுப்பு எரிஞ்சதாலதான் இந்த வூடு வந்துது. நீதான் பத்த வெக்கணும்!"

"அத்த, நான் போயி..."

"பத்த வைய்யின்றேன்!"

பால் பொங்கி வழிந்தது. அந்தப் பாலிலேயே காபி போட்டு, டம்ளரை நீட்டினாள் லோகநாயகி. சௌந்தரம் வாங்கி, சூடு ஆறும்வரைகூடப் பொறுக்காமல் குடித்து முடித்தாள்.

"இன்னொரு டம்ளர் இருக்காடி?"