லிஃப்டுக்குள் ஒரு ஊர்

அந்த ஊர் தனக்குப் பிடிக்கப் போவதில்லை என்று சுண்டு ரயில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டாள். மற்றபடி அந்த ஊர்மீது அவளுக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை.

விஷயம் இதுதான். சுண்டுவின் அம்மா ஒரு லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்கள் நிறைந்த அந்த ஊரிலிருந்து ஒரு கம்பெனி அம்மாவை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அம்மாவுக்கு அந்த வேலைமேல் கொள்ளை ஆசை. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போது பாட ஆரம்பித்திருந்தாள். அம்மா பாடி அதுவரை வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஏன் பாடாமல் இருந்தாள் என்பது கேட்ட பிறகுதான் புரிந்தது.

"ரெண்டு நாள் போய்ப் பார்த்துட்டு வருவோம்," என்றாள் அம்மா. "எல்லாருக்கும் பிடிச்சாதான் போறோம். சுண்டு, நீ வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான். அம்மா ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

சிக்கலே அங்கேதான் வந்தது. 'கிளம்பு' என்று அம்மா அதட்டியிருந்தால் சுண்டு அழுதிருக்கலாம், சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாம். இப்போது அப்படி எதுவும் செய்ய முடியவில்லை. 'வேண்டாம்' என்ற சொல்லை மிட்டாய் போல வாய்க்குள் அடக்கிக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் நாள் அவளுக்குச் சாதகமாகவே போனது. காலையிலிருந்து மழை. அவர்கள் தவறான பேருந்தில் ஏறினார்கள். அது ஊரெல்லாம் அலைந்துவிட்டு, ஏறிய இடத்திலேயே அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது.

"பரவாயில்ல, ஒரே டிக்கெட்டுல ஊரைச் சுத்திப் பார்த்தாச்சு," என்றார் அப்பா.

காற்றில் அப்பாவின் குடை பின்பக்கமாக மடங்கியது. நான்கு வயதுத் தம்பி நடுரோட்டில் நின்றுகொண்டு நடக்க மாட்டேன் என்றான். தெருவில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போனார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. 'வேண்டாம்' என்று சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று சுண்டு நினைக்கவே இல்லை.

ஆனால் அம்மா மட்டும் நனைந்தபடியே கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் பலகாரக் கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல அவள் அந்தக் கட்டடங்களைப் பார்த்தாள். அதைக் கவனித்த பிறகு சுண்டுவுக்கு அன்றைய சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

மறுநாள் அவர்கள் ஒரு வீடு பார்க்கப் போனார்கள். வீடு ஆறாவது மாடியில். காவலாளி பெரிய சாவிக் கொத்தை வைத்துக்கொண்டு சரியான சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். லிஃப்டில் வர மாட்டேன் என்று தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பா பெருமூச்சு விட்டபடி அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார்.

அந்த நேரம் லிஃப்ட் வந்து நின்றது. மூன்று பேர் உள்ளே போனார்கள்.

"நான் முன்னாடி போகட்டுமா அம்மா?"

"போ. ஆறாவது மாடில இறங்கி அப்படியே நில்லு. சாவி வாங்கிட்டு வந்துடறேன்."

சுண்டு உள்ளே போய் நின்றாள். அவளுக்கு வலது பக்கம் மலைபோல ஒரு மனிதர். அவருடைய மீசையே ஒரு ஆள் அளவுக்கு இருந்தது. இடது பக்கம் ஒரு பெண், தன்னைவிட உயரமான, தட்டையான எதையோ போர்வையில் சுற்றிக் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூலையில் சுண்டுவின் வயதுள்ள ஒரு சிறுமி. அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நீச்சல் பயிற்சி முடிந்து வருகிறாள் போலிருக்கிறது. ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை.

'பேசக்கூட மாட்டாங்க போல' என்று சுண்டு நினைத்துக்கொண்டாள். இன்னொரு காரணம் கிடைத்தது.

மூன்றாவது மாடியைத் தாண்டியதும் 'டக்' என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. லிஃப்ட் நின்றது. கூரையில் ஒரு சின்ன விளக்கு மட்டும் மங்கலாக எரிய ஆரம்பித்தது.

"என்ன ஆச்சு? ஏன் நின்னுச்சு?" மீசைக்காரர் கதவின் இடுக்கில் விரல்களை விட்டு இழுக்கத் தொடங்கினார்.

"மாமா, கதவை இழுக்காதீங்க," என்றாள் சுண்டு. "ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கறோம். இப்ப திறந்தாதான் ஆபத்து."

அவள் மணிச் சின்னம் போட்ட பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல்.

"சுண்டு, உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நாலு பேர்மா. யாருக்கும் அடிபடல. கரண்ட் போச்சா?"

"தெரு முழுக்கப் போச்சு. இந்த லிஃப்டோட சாவி என்கிட்ட இல்ல. இதைப் பாத்துக்கற மெக்கானிக் கிளம்பிட்டார், வர அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் என்ன செய்யணும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"அரை மணி நேரமா?" என்றார் மீசைக்காரர். அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சு வேகமாக வந்தது. "அறுந்து விழுந்துடுமா?"

"விழாது மாமா. கரண்ட் போனா பிரேக் தானாப் பிடிச்சுக்கும். எங்கம்மா இதே வேலைதான் பாக்கறாங்க. காத்தும் வருது, பாருங்க, மேல ஓட்டை இருக்கு."

அவர் தலையாட்டினார். ஆனால் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சிரிக்காதே பாப்பா. நான் கிரேன் ஓட்டறவன். எவ்வளவு உயரத்துக்கு வேணும்னாலும் ஏறுவேன். நாலு பக்கமும் மூடிட்டா மட்டும் எனக்கு ஆகாது."

சுண்டு சிரிக்கவில்லை. அவளுக்கும் ஒரு பயம் உண்டு. கரப்பான்பூச்சி பறந்தால் அவள் கட்டிலுக்கு மேலே நிற்பாள். பயம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அவரவருக்குத்தான் தெரியும்.

அவள் போர்வை சுற்றிய பொருளைப் பார்த்தாள். "அக்கா, அதுக்குள்ள என்ன?"

"நிலைக்கண்ணாடி. எங்க கடைல செஞ்சது. ஏழாவது மாடில மாட்டணும். ஏன் கேக்கறே?"

"பெரிய லிஃப்டுல எல்லாம் கண்ணாடி ஒட்டியிருப்பாங்கல்ல? இடம் பெருசாத் தெரியணும்னுதான் அதை வைப்பாங்களாம். எங்கம்மா சொன்னாங்க. அதைக் கொஞ்சம் பிரிக்க முடியுமா? இந்த மாமாவுக்காக."

கண்ணாடிக்கார அக்கா கயிற்றைப் பார்த்தாள். அதில் முடிச்சுமேல் முடிச்சு. "பிரிக்கவே கூடாதுன்னு கட்டினேன்," என்று முனகினாள். ஈரத்தலைச் சிறுமி பையைக் கீழே வைத்துவிட்டு முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தாள்.

போர்வை விலகியது. கண்ணாடியை எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். சட்டென்று அந்தச் சின்னப் பெட்டி இரண்டு மடங்கானது. நாலு பேர் எட்டுப் பேர் ஆனார்கள்.

மீசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எதிரில் இன்னொரு மீசைக்காரர் பரிதாபமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய மீசையின் ஒரு முனை மேலேயும் ஒரு முனை கீழேயும் இருந்தது. இவர் மெதுவாகக் கையைக் கொண்டுபோய் அதைச் சரிசெய்தார்.

"இப்ப கொஞ்சம் தேவலை," என்றார்.

ஆனால் எல்லோரும் பேசாமல் இருந்ததும் அவருடைய மூச்சு மறுபடி வேகமானது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சுண்டுவுக்குப் புரிந்தது. எதைப் பேசுவது? மனதில் இருந்ததையே கேட்டுவிட்டாள்.

"மாமா, இந்த ஊர்ல ரொம்ப மோசமான விஷயம் எது?"

"என்னது?"

"நாங்க இங்க குடி வரலாமா, வேண்டாமான்னு பார்க்க வந்திருக்கோம். எனக்குப் பிடிக்கல. ஆனா அம்மாகிட்ட சொல்றதுக்கு நல்ல காரணமா நாலு வேணும்."

கண்ணாடிக்கார அக்கா முந்திக்கொண்டாள்.

"மழை. வருஷம் பூரா மழை. துணி காயறதுக்குள்ள அது பழைய துணியாயிடும்."

"மழையைக் குத்தம் சொல்லாதீங்க," என்றார் மீசைக்காரர். "மழை விட்ட மறுநாள் ஆத்தைப் பார்த்திருக்கீங்களா? வேற ஒரு குறை சொல்றேன் பாப்பா. புறா. என் கிரேன்ல வந்து உக்காந்துக்கிட்டு எனக்கே வழி விடாது."

"புறா பாவம், விடுங்க," என்றாள் ஈரத்தலை. "பஸ்தான் மோசம். எதுல ஏறினாலும் சந்தைக்கே போய் நிக்கும்."

"சந்தைக்குப் போனா என்ன கெட்டுப் போச்சு?" என்றாள் அக்கா. "அங்க வாங்கற பழம் மாதிரி வேற எங்க கிடைக்கும்?"

சுண்டுவுக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவர் ஒரு குறை சொன்னால் அடுத்தவர் அதை உடைத்துப் போட்டார். ஒன்றுகூட உருப்படியாகக் கைக்கு வரவில்லை.

"சரி, இங்க யாரும் சிரிக்கறதே இல்லையே, ஏன்?" என்று கேட்டாள்.

"யாரு சொன்னா?"

"நேத்து முழுக்கப் பார்த்தேன்."

"நேத்தா? நேத்து மழை. வாயைத் திறந்தா தண்ணி உள்ள போயிடும்," என்றார் மீசைக்காரர். அவர் சொன்னது அவருக்கே பிடித்துப்போய்க் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணாடிக்குள் இருந்தவரும் சிரித்தார். லிஃப்ட் லேசாக ஆடியது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"விடியக்காலைல கிரேன் மேல ஏறிப் பார்க்கணும் பாப்பா," என்று அவரே தொடர்ந்தார். "ரொட்டி வண்டிங்க விளக்கைப் போட்டுக்கிட்டு எறும்பு மாதிரி வரிசையாப் போகும். நீச்சல் குளம் உள்ளங்கை அளவுக்கு நீலமாத் தெரியும். சாயங்காலம் பள்ளிக்கூடத்துல மணி அடிச்சதும் பிள்ளைங்க ஓடி வருவாங்க. கடுகு டப்பாவைக் கவிழ்த்த மாதிரி இருக்கும்."

"அந்தக் கடுகுல ஒண்ணு நான்தான்," என்றாள் ஈரத்தலை.

சுண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அக்காவும் மாமாவும் இப்போது சந்தையில் எந்தக் கடைப் பழம் நல்லது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு எங்க ஊர்ல ஒரு ஃப்ரெண்டு இருக்கா," என்றாள் சுண்டு மெல்லிய குரலில். அதுதான் உண்மையான காரணம். அதை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

"எனக்கும் இருந்தா. போன வருஷம் வேற ஊருக்குப் போயிட்டா. ஞாயித்துக்கிழமை போன்ல பேசுவோம். இப்ப என் பெஞ்சுல ஒரு இடம் காலி."

"யாரும் உக்காரலையா?"

"என் பையை வெச்சிருக்கேன். ஆனா பை பேசாது."

சுண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவுப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது.

"சுண்டு, மெக்கானிக் வந்துட்டார். அவர் மேல மோட்டார் ரூம்ல இருக்கார். நான் இங்க மூணாவது மாடிக் கதவுகிட்ட நிக்கறேன். லிஃப்ட் மெதுவா இறங்கும். எல்லாரும் சுவரைப் பிடிச்சுக்கோங்க."

"மாமா, நீங்க என் கையைப் பிடிச்சுக்கோங்க," என்றாள் சுண்டு.

அவர் பிடித்துக்கொண்டார். சுண்டுவின் கை அவருடைய கைக்குள் காணாமலே போய்விட்டது. லிஃப்ட் கொஞ்சம் இறங்கி நின்றது. மறுபடி கொஞ்சம் இறங்கியது. "இன்னும் ஒரு சாண், நிறுத்துங்க, இன்னும் துளி," என்று அம்மா மேலே குரல் கொடுப்பது கேட்டது. பிறகு கதவு திறந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். கைகளிலும் மூக்கின்மேலும் கிரீஸ் அப்பியிருந்தது. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து சுண்டு பார்த்ததே இல்லை.

மெக்கானிக் கைகளைத் துடைத்தபடி படியிறங்கி வந்தார். "கீழ நின்னு அளவு சொல்ல ஆள் இருந்ததால வேலை சுலபமா முடிஞ்சது. நீங்கதானே எங்க கம்பெனிக்கு வரப் போறவங்க?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க," என்றாள் அம்மா. சுண்டுவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பக் கூடாது என்று கஷ்டப்பட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியை ஏழாவது மாடிக்கு யார் தூக்குவது என்ற கேள்வி வந்தது. "குடுங்க இப்படி," என்று மீசைக்காரர் அதை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிக்கொண்டார். படிகளில் அவர் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனார். அம்மாவைவிட நன்றாகவே பாடினார். ஈரத்தலை தன் பையைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினாள்.

ஆறாவது மாடியில் அப்பாவும் தம்பியும் பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி தூங்கிப் போயிருந்தான். அம்மா கதவைத் திறந்ததும் எல்லோரும் உள்ளே போனார்கள். சமையலறை சின்னது. குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது. அப்பா எல்லாக் குழாய்களையும் திறந்து மூடினார். சுண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நின்று பார்த்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போதும் மின்சாரம் வரவில்லை. படிவழியாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. அம்மா முன்னால், சுண்டு அடுத்து, தம்பியைச் சுமந்தபடி அப்பா கடைசியாக.

ஐந்தாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார். "லிஃப்டுல கண்ணாடி வெச்சது உங்க பொண்ணுதானா? அந்த நீச்சல்காரக் குட்டி எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிட்டுப் போச்சு. மேல் வீட்டுக்குக் குடி வர்றீங்களாமே?"

"பார்த்துட்டுப் போகத்தான் வந்தோம். இன்னும் முடிவு பண்ணலை," என்றாள் அம்மா.

நான்காவது மாடியில் ஒரு அம்மாள் இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். "நீங்கதானா அது? எப்ப வர்றீங்க?"

"இன்னும் முடிவு..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வந்துடுவோம்," என்றாள் சுண்டு.

அம்மா சட்டென்று நின்றாள். அவள் நின்றதால் சுண்டு அவள்மேல் இடித்துக்கொண்டாள். அப்பா சுண்டுவின்மேல் இடித்துக்கொண்டார். தம்பி கண்ணைத் திறந்து எல்லோரையும் முறைத்துவிட்டு மறுபடி தூங்கினான்.

"நிஜமாவா?" என்றாள் அம்மா.

"எனக்கு ஞாயித்துக்கிழமை போன் வேணும். ரொம்ப நேரம் பேசுவேன்."

"எவ்வளவு நேரம் வேணும்னாலும்."

"அப்போ நிஜம்தான்."

அம்மா சுண்டுவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். சுண்டுவின் கன்னம் முழுக்கக் கிரீஸ் ஆனது. பிறகு அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பெண்போல, மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள்.