டௌவெ: அவனா, அதுவா?

காலை 7.40. தோட்டக் கொட்டகையைத் திறந்த ஃபென்னா போட்ட கூச்சலில், ஹில்லெஹோம் கால்வாயின் வாத்துகளெல்லாம் பக்கத்து மாகாணத்துக்கே குடிபெயர்ந்திருக்கும். பன்னிரண்டு வருடம் மகரந்தம் சேர்த்துச் சேர்த்து அவள் பூக்கவைத்த கறுப்பு டேலியா, தொட்டியோடு மாயம்!

பதினோரு மணிக்குக் கண்காட்சியில் பெயர் பதிவு. செடியை முதலில் கொண்டுவந்து வைப்பவர் சூட்டுவதுதான் பெயர். அதை அப்புறம் யாராலும் மாற்ற முடியாது.

பூட்டு உடையவில்லை. சாவி இருக்கும் இடம் இரண்டே பேருக்குத் தெரியும். போன வாரம் கூரை செப்பனிட வந்த ஆரெண்ட்; அவனும் டேலியாக்காரன், போட்டிக்காரன். இன்னொருத்தி ரின்ஸ்கெ, முப்பது வருடக் காப்பித் தோழி.

நாற்பது வருடம் டச்சு இலக்கணம் நடத்திய ஃபென்னா போலீஸைக் கூப்பிடவில்லை. செடிக்கு அவள் வைத்திருந்த பெயர் டௌவெ. பதினேழு வயதில் அவள் மனதில் இருந்தவன் பெயர், ஒருவரிடமும் சொன்னதில்லை. தொட்டியின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தாள். தூக்கியவர் கண்ணில்தான் படும்.

8.15. ஆரெண்ட் வீட்டு வாசல்.

"டௌவெயக் காணோம்."

"யாரு டீச்சர் அவன்? இந்த வயசுல அவனோட என்ன சகவாசம்?"

"வாய மூடு."

8.30. ரின்ஸ்கெயின் சமையலறை. பிஸ்கட் டப்பாவைத் திறந்து, ஒன்றே ஒன்று கொடுத்து, பட்டென்று மூடினாள் ரின்ஸ்கெ.

"டௌவெயக் காணோம்டீ."

"என்னை ஏன் முறைக்கிற? எனக்கு என்னடீ வேலை அதோட?"

ஃபென்னாவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"நம்ம டச்சுல ஆளா இருந்தா 'மெட் ஹெம்', அவனோட. நீ சொன்னது 'எர்மே', அதோட. பொருள்னாதான் 'மெட்' பின்னால போய் 'மே' ஆகி, 'எர்'ரோட ஒட்டிக்கும். டௌவெ ஆம்பளைப் பேருடீ. அது ஆளில்லன்னு உனக்கு யாரு சொன்னா? தொட்டியோட அடியா?"

ரின்ஸ்கெ பிஸ்கட் டப்பாவை அணைத்துக்கொண்டாள். "முப்பது வருஷமா உன் பூவுக்குத் தட்டித் தட்டியே என் கை தேஞ்சுபோச்சு. ஒரு தடவையாவது என் பேருல ஒண்ணு பூக்கட்டுமேன்னு..."

குளியலறையில், ஈரத் துண்டுக்கடியில் இருந்தது டேலியா. ஃபென்னா அதைத் தூக்கிக்கொண்டு, காப்பியைக் குடிக்காமலே வெளியேறினாள்.

10.50. கண்காட்சி. பதிவேட்டில் 'டௌவெ' ஏறியது. வழியில் நடந்ததைக் கேட்டபடியே தொட்டியைச் சுமந்துவந்த ஆரெண்ட் மெல்லக் கேட்டான்: "இனிமே ரின்ஸ்கெயோட காப்பி குடிப்பீங்களா?"

"எர்மே?" என்றாள் ஃபென்னா. "அதோட எனக்கு ஒண்ணுமில்ல."

ஆளுக்கு 'எர்மே' போட்ட இலக்கணப் பிழையைத் திருத்த ஆரெண்ட் வாயெடுத்தான். டீச்சரின் கண்ணைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.