கைக்கடிகாரத்துக்கு ஒரே வேலை

என் அம்மாவுக்குக் காது கேட்காது. அதனால் எங்கள் வீட்டில் சண்டைகூடக் கையால்தான் நடக்கும். பயப்படாதீர்கள், அடிதடி இல்லை. நாங்கள் சைகையில் பேசிக்கொள்வோம்.

அம்மாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. காலை ஐந்து மணிக்கு அடுப்பின் முன்னால் நிற்க வேண்டும். நாலு மணிக்கு அவளை எழுப்புவது அவளுடைய ஸ்மார்ட்வாட்ச்தான். அது சத்தம் போடாது. மணிக்கட்டில் விர்ரென்று அதிரும்.

ஐந்து வருடமாக ஒழுங்காக எழுப்பிய அந்த வாட்ச், இந்த வாரம் காலை வாரிவிட்டது. முழு சார்ஜோடு கட்டிக்கொண்டு படுத்தாலும் விடிவதற்குள் அணைந்துவிட்டது. அம்மா வேலைக்குத் தாமதம்.

"இதுக்கா கவலைப்படுற, வக்கீலம்மா? மாமா நான் எதுக்கு இருக்கேன்? நாளைக்கு நான் எழுப்புறேன்!" என்று மார்தட்டினார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறார். வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். நான் வாயாடி என்பதால் அவருக்கு நான் வக்கீலம்மா.

மறுநாள் நாலு மணிக்கு மாமாவின் போன் அலறியது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தார். மேல் வீட்டுக் குழந்தை எழுந்தது. மாமா மட்டும் எழவில்லை. நானும்தான். அதை விடுங்கள்.

இரண்டாவது நாளும் அம்மா தாமதம். 'இன்னொரு தடவை லேட்டானால் மாலை வேலைக்கு மாற்றிவிடுவேன்' என்று மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மாலை வேலை என்றால், நான் பள்ளியிலிருந்து வரும்போது அம்மா கிளம்பியிருப்பாள். அவள் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். போனில் முகம் பார்த்துப் பேசலாமே என்பீர்கள். எங்கள் பேச்சுக்குக் கை வேண்டும். அம்மாவின் கை மாவில் இருக்குமே! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மாலை வாட்சைக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேட்டரி கிழடாயிடுச்சு பாப்பா. இந்த மாடலுக்கு இப்போ பேட்டரியே வர்றதில்ல. கம்பெனியும் கையை விரிச்சிட்டாங்க. பசை போட்டு ஒட்டியிருக்கு. திறந்தா கண்ணாடி நொறுங்கிடும்."

"வேற வழியே இல்லையாண்ணா?"

"புதுசு வாங்குறதுதான் வழி."

அதை அம்மாவிடம் சைகையில் சொன்னேன். "புதுசு இப்போ முடியாதே. பரவாயில்ல, இன்னைக்கு நான் தூங்காம உட்கார்ந்துக்கிறேன்" என்றன அவள் கைகள்.

தூங்காமல் போய் அடுப்பின் முன்னால் நிற்பதா? எனக்கு மனசே ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து பாடம் எழுத உட்கார்ந்தேன். மாமா வேலையிலிருந்து வந்தார். காதில் நீல வண்ணம், மூக்கில் வெள்ளை வண்ணம்.

"மாமா, கொஞ்சம் தண்ணி குடுங்க. அப்படியே பென்சிலைச் சீவிடுங்க. ஜன்னலைச் சாத்துங்க. இந்தக் கணக்கு சரியான்னு பாருங்க."

மாமா தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, அலுத்துப்போய் வந்த ஆளுக்கு ஒரே நேரத்துல எத்தனை வேலை? ஒண்ணே ஒண்ணு சொல்லு. உருப்படியா செய்றேன்."

எனக்குப் பொறி தட்டியது. எழுந்து ஓடிப்போய் அம்மாவின் கையிலிருந்து வாட்சைக் கழற்றினேன்.

அடேயப்பா, அதற்கு எத்தனை வேலை! அடிகளை எண்ணியது. நாடித்துடிப்பு பார்த்தது. மழை வருமா என்று பார்த்தது. போனுக்கு வரும் செய்தியை எல்லாம் வாங்கி வைத்தது. அம்மா புரண்டு படுத்தால்கூடத் திரை பளிச்சென்று எரியும். தூங்குகிற அம்மாவின் அடிகளை எண்ணி யாருக்கு என்ன லாபம்?

ஒவ்வொன்றாக நிறுத்தினேன். நாலு மணி அதிர்வை மட்டும் விட்டுவைத்தேன். முழு சார்ஜ் ஏற்றி, படுக்கும் நேரத்தில் அம்மாவின் கையில் கட்டினேன்.

"வேலை செய்யுமா?" என்றாள் அம்மா.

"செய்யும். நீ தூங்கு. நான் முழிச்சிருக்கேன்" என்றேன்.

கண் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது. ஐயோ! பதறியடித்து ஓடினேன். அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. ஆனால் நேரத்துக்குப் போனாளா? அது தெரியாமல் பள்ளியில் ஒரு பாடமும் மண்டையில் ஏறவில்லை.

மாலையில் பள்ளி வாசலுக்கு ஓடிவந்தேன். அம்மா நின்றிருந்தாள்! தலைமுடியில் மாவு. தூரத்திலிருந்தே கைகளை உயர்த்திச் சொன்னாள்: "நாலு மணிக்குச் சரியா எழுப்பிட்டான், நம்ம கிழவன்!"

அன்று வீட்டில் மாமா வாட்சை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அடி எண்ணாது. மழை சொல்லாது. செய்தி காட்டாது. அப்புறம் இது என்னதான் செய்யும்?"

"நாலு மணிக்கு அம்மாவை எழுப்பும்."

"அந்த ஒரு வேலைதானா?"

"ஆமா மாமா. உங்களால முடியாத அதே வேலைதான்!"

என் உதட்டசைவைப் படித்துவிட்டு, எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அம்மாதான்.