நாலாம் நம்பர் நாற்காலி

செத்து நாற்பது நாளான பெண்ணுக்கு நேற்றுக் காலை டயாலிசிஸ் நடந்திருந்தது.

பில்லில் அவள் கையெழுத்துகூட இருந்தது...

அரசுக் காப்பீட்டு மோசடிப் பிரிவின் விசாரணை அதிகாரி அந்தப் பில்லை சென்டர் மானேஜரின் மேஜையில் வைத்தாள்.

"பீரோவைத் திறங்க. சிகிச்சை ரிஜிஸ்டரைப் பாக்கணும்."

மானேஜர் அவளுடைய உத்தரவுக் கடிதத்தை நிதானமாகப் படித்தான்.

"பில்லைக் காட்டச் சொல்லியிருக்கு, காட்டிட்டேன். பீரோன்னு எங்கயும் இல்லையே மேடம்?"

உண்மைதான். அவள் கேட்டு வாங்கலாம். பூட்டை உடைக்கக் கூடாது. கைது செய்யவும் முடியாது. கோர்ட் உத்தரவு வர நாளை ஆகும். அதற்குள் பீரோ காலியாகிவிடும்.

ஒரே ஒரு சாட்சி வாக்குமூலம் கொடுத்தால் போதும். போலீஸ் இன்றே வரும்.

ஹாலுக்குள் போனாள்.

எட்டு நாற்காலிகள். ஏழில் நோயாளிகள், கையில் குழாய்களோடு. நாலாம் நம்பர் மட்டும் காலி. பக்கத்து ஸ்டூலில் செத்தவளின் கணவர்.

"ஐயா, இந்தக் கையெழுத்து...?"

"நான்தாம்மா போட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மிரட்டினாங்களா?"

"சேச்சே. கையெழுத்துப் போட்டா வந்து உக்காந்துக்கலாம்னாங்க. மூணு வருஷமா இங்கதாம்மா நாங்க பேசிக்கிட்டது. வீட்டுல அவளுக்கு ஏது நேரம்?"

வாசலில் நின்ற மானேஜர் சிரித்தான்.

அதிகாரி பெரியவர் பக்கமே திரும்பி நின்றாள்.

"மேல எதுவும் சொல்றதுக்கு முன்னால கேளுங்கய்யா. நீங்க பேசித்தான் ஆகணும்னு இல்ல. வக்கீல் வெச்சுக்கலாம். பேசினா கேஸ் உங்க மேலயும் வரும். வராம பாத்துக்கறேன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல."

"நாளைக்கு இங்க உக்கார முடியாதா?"

"முடியாதுய்யா."

பெரியவர் காலி நாற்காலியின் கையைத் தடவினார்.

"எனக்காக இதைச் சும்மாதானே போட்டு வெச்சிருக்காங்க... யாருக்கும் நஷ்டமில்லையே?"

"காகிதத்துல உங்க வீட்டம்மா இன்னும் இதுல இருக்காங்க. இடமில்லைன்னு பதினோரு பேரைத் திருப்பி அனுப்பியிருக்காங்க."

"பதினோரு பேரா...?"

அவர் நாற்காலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"எழுதிக்கோம்மா."

"யோவ் பெருசு, உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறே" என்றான் மானேஜர். சிரிப்பு போயிருந்தது.

"நாற்பது நாளா அதைத்தானே தம்பி பண்ணிட்டிருந்தேன்."

பத்தே நிமிடத்தில் வாக்குமூலம் முடிந்தது. பேனாவை வாங்கியவர், தாளருகே கொண்டுபோய் நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னய்யா, பயமா இருக்கா?"

"பயமில்லம்மா... அவ பேரைப் போட்டே கை பழகிப் போச்சு. இதுலயும் அவளையே மாட்டி விட்டுடப் போறேன்."