கால் முளைத்த அளவுக்கல்

காலை ஆறரை மணிக்குத் தையல்காரரின் பின்னறை கடலுக்குள் போயிற்று. தையல் மெஷின், வெட்டு மேஜை, பாதி தைத்த பள்ளிச் சீருடைகள், கூடவே தையல்காரரும். முன்னறையில் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் வெறும் வானம்தான் இருந்தது.

எட்டு மணிக்கு உடலை எடுத்தார்கள். ஒன்பதுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மழை வருகிறதோ இல்லையோ, கையில் குடை இல்லாமல் வெளியே இறங்காத மனிதர் அவர். பத்து மணிக்கு மேப் அம்மா வந்தாள்.

மேப் அம்மா என்பது அந்தத் தெரு வைத்த பெயர். கடலோர நிலவியல் அலுவலகத்தில் அவளுக்குக் களப்பணியும் வரைபட வேலையும். கடலை ஒட்டிய அந்த மண்மேட்டின் மேல் ஆறே வீடுகள். மேட்டைக் கடல் எவ்வளவு தின்றிருக்கிறது என்று வருடத்துக்கு ஒரு முறை வந்து அளந்து, படம் போட்டுக் கொண்டு போவாள். தெருக்கோடியில் ஒரு அளவுக்கல் நட்டிருந்தது. அதிலிருந்து மேட்டின் விளிம்பு வரை உள்ள தூரம் பத்து மீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் ஆறு வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பது விதி. நாலு மாதம் முன்பு அவள் அளந்தபோது பதினைந்து மீட்டர். அதற்கு முந்தைய வருடமும் கிட்டத்தட்ட அதேதான்.

தையல்காரர் மனைவி வாசலில் உட்கார்ந்திருந்தாள். மேப் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானேம்மா வந்து அளந்த? 'கடல் இந்த வருஷமும் லீவுல இருக்கு, நிம்மதியா தூங்குங்க'ன்னு சொன்னியே. அவரு தூங்கலம்மா. தைச்சிட்டிருந்தாரு."

மேப் அம்மா கையெழுத்துப் போட்ட பதினைந்து தப்பென்றால், ஒரு உயிரை எடுத்தது அவள். வேலை போவதும் ஜெயிலுக்குப் போவதும் அதற்கு அப்புறம்தான்.

"உங்க அளவு சரிதானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சரிதான் சார்."

"அப்போ பதினஞ்சு மீட்டர் நிலம் ஒரே நாள்ல போச்சா?"

"இல்ல. ஆறு மீட்டர்தான் போயிருக்கு. மீதி ஒம்பது இருக்கணும்." அவள் கல்லிலிருந்து விளிம்பு வரை டேப்பை இழுத்துக் காட்டினாள். ஒன்பதுதான் இருந்தது.

"அப்போ கணக்கு சரியாத்தானே வருது?"

"கணக்கு சரியா வருது சார். வீடுதான் சரியா வரல. என் படத்துல அந்தப் பின்னறைச் சுவர் விளிம்புலேர்ந்து எட்டு மீட்டர் தள்ளி இருக்கு. ஆறு மீட்டர் போனா அந்த அறை எப்படி சார் விழும்?"

கூட்டத்திலிருந்து ஒரு ஒல்லியான பெரியவர் முன்னே வந்தார். மீட்டர் சார். அதே அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். இந்தக் கல்லை முதலில் நட்டவரும் அவர்தான். தையல்காரர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். கடை எவ்வளவு தூரம் என்று கேட்டால்கூட 'இருநூத்தி நாப்பது மீட்டர்' என்று சொல்லும் ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார்," என்றார்.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? அவ டேப் பிடிச்சா அளவு தப்பாது. கடல் சார் இது. நாம என்ன பண்ண முடியும்?"

சொல்லிவிட்டு, வீட்டில் மனைவி தனியாக இருக்கிறாள் என்று வேகமாகத் திரும்பிப் போனார்.

இன்ஸ்பெக்டர் கல்லைச் சுற்றி வந்தார். முழங்கால் உயரம், சிவப்புப் பெயின்ட், அடியில் சிமென்ட். தலையில் ஒரு பித்தளை வில்லை. அதில் ஒரு அம்புக்குறி. அம்பு கடலைப் பார்க்காமல், கரையை ஒட்டித் தெருவின் நீளத்துக்குக் கிடந்தது. அவர் குடை நுனியால் அடிச் சிமென்ட்டைச் சுரண்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"இந்தக் கல்லு நட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"இருபது இருக்கும்."

"இந்தச் சிமென்ட்டுக்கு ஒரு வயசுகூட ஆகல போலிருக்கே?"

மேப் அம்மா பையிலிருந்து பழைய படத்தை எடுத்தாள். "சாட்சியக் கேட்டுப் பார்த்துடலாம் சார்," என்றாள்.

"சாட்சி இருக்கா? முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"ஆள் இல்ல சார். கல்லு நடும்போது பக்கத்துல இருக்கிற அசையாத பொருளுக்கு ஒரு அளவு எடுத்து வெச்சிருப்போம். அதுக்குப் பேரு சாட்சி. இங்க அந்தத் தண்ணித் தொட்டித் தூண். கல்லு விழுந்திருந்தா, சாஞ்சிருந்தாதான் சாட்சியக் கேப்போம். இது கம்பீரமா நின்னுச்சு. யாரும் கேக்கல."

தண்ணீர்த் தொட்டி, கடலுக்கு எதிர்ப்பக்கம், தெருவுக்கு உள்ளே இருந்தது. பழைய படத்தின்படி தூணுக்கும் கல்லுக்கும் நடுவே முப்பது மீட்டர். அவள் அளந்தாள். இருபத்து நான்கு. நம்பாமல் மறுபடியும் அளந்தாள். இருபத்து நான்குதான்.

"அப்போ கல்லுக்குக் கால் முளைச்சிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "கடல் முன்னால வர வர, இது பின்னால நடந்திருக்கு."

"ஒரேயடியா ஆறு மீட்டர் நகர்த்தியிருந்தா எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும் சார். அளவு எகிறியிருக்கும். கடல் ஒரு மீட்டர் தின்னா கல்ல ஒரு மீட்டர் உள்ள தள்ளியிருக்காங்க. ஒவ்வொரு வருஷமும் நான் வர்றதுக்கு முந்தி." அவள் டேப்பைச் சுருட்டினாள். "நான் அளந்தது சரி. அளந்த இடம்தான் பொய். நிஜத்துல நாலு மாசம் முன்னாடியே ஒம்பதுதான் இருந்திருக்கு. அன்னைக்கே காலி பண்ணியிருக்கணும்."

பகல் பன்னிரண்டு மணி. இன்ஸ்பெக்டர் முதலில் கூப்பிட்டது கொத்தனாரை. செத்துப்போன தையல்காரரின் மச்சான், அடுத்த வீட்டுக்காரன். சிமென்ட் வேலை தெரிந்தவன், போன வருடம்தான் மாடியில் ஒரு அறை எழுப்பியிருந்தான். தெருவைக் காலி செய்யச் சொன்னால் அத்தனையும் தண்ணீரில் போட்டதுதான்.

"மாடி கட்டும்போது கடல் பக்கத்துல இருக்குன்னு தெரியாதா?"

"தெரியும் சார். பதினஞ்சு மீட்டர்னாங்க. கட்டுனேன்."

"கல்ல நகர்த்துனியா?"

"நகர்த்திட்டு எங்கக்கா புருஷன நானே கடல்ல தள்ளுவனா? என்ன சார் பேசுறீங்க?" அவன் அழுதுவிட்டான்.

இன்ஸ்பெக்டர் மேப் அம்மாவின் வண்டியிலிருந்து ஒரு புது அளவுக்கல்லை எடுத்து வரச் சொன்னார். "இத இங்க நடு, பாப்போம்."

கொத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழி தோண்டினான். தூக்குக்குண்டு பிடித்து, செங்குத்தாக, அழகாக நட்டான். வில்லையில் இருந்த அம்பு நேராகக் கடலைப் பார்த்தது.

"அம்பு ஏன் அந்தப் பக்கம்?"

"கடலத்தானே சார் அளக்குறாங்க? பின்ன எங்க பாக்கும், எங்க வீட்டையா?"

"நீ போய் உங்கக்கா பக்கத்துல இரு," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் போனதும் மேப் அம்மாவிடம் திரும்பினார். "என்னைக் கேட்டாலும் அப்படித்தான் நட்டிருப்பேன். நீங்க எப்படி நடுவீங்க?"

"அம்பு வடக்கு பார்க்கணும் சார். கல்லு நட்டா அம்பு வடக்கு. கையில திசைகாட்டி இல்லைன்னாலும் நிழலைப் பார்த்துத் திருப்பி வெச்சிருவோம். கை தானா போகும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பழைய கல்லின் அம்பு அச்சுப் பிசகாமல் வடக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"திருட்டு வேலை செய்யும்போதும் கை பழக்கத்த விடல பாருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "இது உங்க வேலை தெரிஞ்ச கை."

"என் கைன்னு சொல்றீங்களா சார்?"

"உங்களுக்கு எதுக்கும்மா கடப்பாரை? உங்களுக்குப் பேனா போதுமே. ஒம்பத பதினஞ்சுன்னு எழுதினா யாரு கேக்கப் போறா? கல்லச் சுமந்தவன் பேனா இல்லாதவன். வேலை தெரியும், ஆனா எழுதுற இடத்துல இப்ப இல்ல. அப்படி இந்தத் தெருவுல எத்தனை பேரு?"

ஒரே ஒருவர்தான் என்று இருவருக்கும் தெரியும். அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர். போன வாரம்கூட அவள் போனில் பேசி நலம் விசாரித்தவர். பேசாமல் தன் அளவே தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று அந்த நிமிடம் நினைத்தாள்.

மீட்டர் சார் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரோடு சுவராக ஒரு நீலக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. அந்தக் கயிற்றைப் பிடித்தபடி அவர் மனைவி மெதுவாக நடந்து வந்தாள். இருவரையும் பார்த்துச் சிரித்தாள். யாரென்று தெரியாத சிரிப்பு.

"உக்காருங்க. அவரு இப்ப வந்துருவாரு."

மீட்டர் சார் அவள் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் குடையைச் சுவரோரம் சாய்த்தார். "கல்லோட அம்பு வடக்கு பாக்குது சார்," என்றார்.

மீட்டர் சார் கயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"நாலு வருஷமா இப்படித்தான். புத்தி கொஞ்சம் கொஞ்சமா போகுது. இந்தக் கயிறு, இந்தக் கதவு, இது மட்டும் பழக்கத்துல இருக்கு. ஒரு தடவை தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். விடிய விடிய 'வீட்டுக்குப் போலாம்'னு ஒரே அழுகை. மூணு நாள் சாப்பிடல. இனி ரெண்டு வருஷம்தான் இருப்பான்னு டாக்டர் இப்ப சொல்றாரு. இருக்கிற வரைக்கும் அவ இங்கயே இருந்துட்டுப் போகட்டும்னுதான்..."

"தெருவுல யாரும் பாக்கலையா?"

"பார்த்தாங்க. கல்லுக்குப் பெயின்ட் அடிக்கிறேன்னு நெனச்சாங்க. வேலைய விட்டாலும் சாருக்குப் பாசம் விடலன்னு சிரிச்சாங்க."

"ஒம்பது மீட்டர்னு தெரிஞ்சுமா சார்?" மேப் அம்மா அவர் முன்னால் போய் நின்றாள். "ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ எழுதியிருப்ப. எழுதத்தாம்மா வேணும். நானா இருந்தாலும் எழுதியிருப்பேன்." அவர் நாற்காலியில் சரிந்தார். "வருஷத்துக்கு ஒன்றரை மீட்டர். நாலு வருஷமும் பிசகவே இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்னு கணக்குப் போட்டேன்."

"மேடு கணக்குப்படி விழாது சார். வருஷக்கணக்கா சும்மா இருந்துட்டு ஒரே நாள்ல விழும். இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்குன்னு வரும்போது சராசரிய நம்பிட்டேன்."

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். மேப் அம்மா தையல்காரர் மனைவியிடம் போய், அளவு தப்பில்லை, கல்தான் தப்பு என்று சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டாள்.

"எது தப்பா இருந்தா எனக்கு என்னம்மா? போனவரு வருவாரா?"

மாலை நான்கு மணிக்கு ஐந்து வீடுகள் காலியாகிவிட்டன. ஆறாவது வீட்டில் ஒருத்தி நகர மறுத்தாள். கூடத்துத் தரையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

"வாங்கம்மா, எங்க வீட்டுக்குப் போலாம்," என்று மேப் அம்மா கையை நீட்டினாள்.

"நீ யாரும்மா? அவரு வெளிய போயிருக்காரு. வந்து பார்த்து நான் இல்லைன்னா பதறிடுவாரு." கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். கான்ஸ்டபிள் ஒருவர் தோளைத் தொட்டதும் வீறிட்டு அலறினாள்.

இன்ஸ்பெக்டருக்கு வேறு வழி தெரியவில்லை. குற்றவாளியைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டி வருவது சட்டத்தில் எங்கும் இல்லை. கூட்டி வந்தார்.

"கெளம்பு," என்றார் மீட்டர் சார். "வெளிய போயிட்டு வரலாம்."

அவள் முகம் மலர்ந்தது. கயிற்றை விட்டாள். தலையை வாரிக்கொண்டாள். வாசல் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. ஜீப்பில் கணவரோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"எப்பங்க திரும்பி வருவோம்?"

எதைக் கேட்டாலும் ஒரு எண் சொல்லியே பழகியவர். அன்றைக்கு அவருக்கு ஒரு எண்ணும் வரவில்லை.

"தெரியலம்மா," என்றார். தோள் குலுங்க அழுதார்.

அவள் பதறிப்போய் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, முந்தானையால் துடைத்தாள்.

"என்னங்க, கண்ணுல மண்ணு விழுந்துடுச்சா?"